மத்தியானச் சோற்றுக்குத் திரும்பக்கூடிய ஊர்

ஆல்வின் ஐயா,

உனக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. எழுத்துக் கூட்டி ஒரு வரியை முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். அது தெரிந்தும் தமிழில்தான் எழுதுகிறேன், எனக்கு இருக்கிறது இந்த ஒரே எழுத்துத்தான். நம் ஊர் நாசரேத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு வாசித்ததெல்லாம் வேதப்புத்தகம் ஒன்றுதான், ஆகையால் எங்கேயாவது பிரசங்கம் மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். இதைப் பெங்களூருக்குத் தபாலில் போடப் போவதில்லை. இங்கே ஹைதராபாத்தில் பியூலா தங்கியிருக்கிற ஹாஸ்டலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரப்போகிறேன். அவள் உனக்குப் போனில் வாசித்துக் காட்டட்டும். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் வாயால்தான் இது உன் காதுக்கு வர வேண்டும். ஏன் என்று போகப் போகத் தெரியும். நானே போன் பண்ணிச் சொல்லலாமே என்பாய். என் வாய் போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தது என்று பார்த்தாய் அல்லவா, அதை நம்பி இன்னொரு முறை இந்தக் காரியத்தை ஒப்படைக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஞாயிறு நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் என் கையால் ஒரு தரம் எழுதினால்தான் நான் செய்தது எனக்கே தெரியும். ஆராதனை முடிந்து எல்லோரும் நம் வீட்டுக்கு வந்தோம். பியூலாவின் அம்மா கோவில்பட்டியிலிருந்து முதல் முறையாக வந்திருந்தார்கள். கோழிக் குழம்பு வைத்திருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ சாதாரணமாகச் சொன்னாய்.

"அம்மா, டிரான்ஸ்ஃபர் கேட்டிருக்கேன். ஹைதராபாத் ஆபீஸ்ல இடம் இருக்காம். வர்ற வெள்ளிக்குள்ள சரின்னு சொல்லணும். சிந்தல்ல வீடும் பாத்தாச்சு."

"எந்த சிந்தல்?"

"நம்ம சிந்தல்தான். ஜீடிமெட்லால இவ மருந்துக் கம்பெனி லேப்லேர்ந்து நடந்தே வந்துடலாம். எனக்கு ஆபீஸ் கேப் மத்தியானத்துக்கு மேலதான் வரும். லஞ்ச் மட்டுமாவது ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம். பெங்களூர்ல இருந்தா சண்டேதான் மூஞ்சி பாக்கணும்."

"அந்த நாத்தத்துக்குள்ளயா?" என்றேன். "ஊர்ல எல்லாருகிட்டயும் எம் பிள்ள பெங்களூர்ல இருக்கான்னு சொல்லிட்டுத் திரியுதேன். நீ திரும்ப அந்தச் சந்துக்குள்ள போய்க் கிடக்கப் போறேன்னு சொல்லுத."

பியூலாவின் அம்மா பொதுவாகச் சொன்னார்கள். "வாடகை கம்மியாம்லா மதினி. சின்னஞ்சிறுசுங்க. நாலு காசு மிச்சம் பிடிக்கட்டுமே."

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், அதுதான் இன்னும் மோசம். பியூலாவைப் பார்த்து, "அப்ப வாசலுக்கு வெளிய ஒரு வாளி வாங்கி வச்சுக்கோம்மா. வேலைக்குப் போயிட்டு வந்தா குளிச்சிட்டு உள்ள வா. உன் துணியத் தனியாத் துவைக்கணும், இல்லன்னா எம் பிள்ள சட்டையும் சேந்து நாறும்" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் மட்டும் "சரி அத்தை" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே குழம்புச் சட்டியை எடுக்கப் போனேன். அவள் குழாயடியில் எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். கை கழுவினாள். கழுவிய விரல்களை மெதுவாக மூக்குக்கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். பிறகு சோப்புப் போட்டு இன்னொரு தரம் கழுவினாள். அன்றைக்கு அவளுக்கு லீவு. கோயிலுக்கென்று குளித்துப் புதுச் சுடிதார் போட்டு வந்த பிள்ளை.

சட்டியை எடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன். அந்த விரலை நான் முன்னாடி பார்த்திருக்கிறேன். அது உன் அப்பாவின் விரல்.

திங்கட்கிழமை நீ பெங்களூரிலிருந்து போன் பண்ணினாய். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். "விடுங்கம்மா, பெங்களூர்லயே இருந்துக்கறோம். அவ வேலைய விட்டுடறேன்னு சொல்லிட்டா. உங்களுக்கு ஓகேதானே?" என்று கேட்டாய். எனக்கு ஓகேதானே என்று உன் அப்பாவும் ஒரு காலத்தில் கேட்டார். அப்போதும் நான் தலையை ஆட்டினேன். அதன் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எந்த ஊரில் போய்க் குடியிருப்பது என்று உன் அப்பாவுக்கும் ஒரு காலத்தில் யோசனை இருந்தது. நீ அப்போது கைக்குழந்தை. அவர் பம்பாயில் கொஞ்ச நாள் சோப்புக் கம்பெனியில் இருந்தார், மெட்ராஸில் அம்பத்தூரில் கொஞ்ச நாள். பிறகு சிநேகிதர் ஒருவர் சொல்லி ஹைதராபாத் வந்து, ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனியில் சேர்ந்து, என்னையும் உன்னையும் கூட்டிப்போக ஊருக்கு வந்தார். என் அண்ணன் கேட்டான், "பம்பாய விட்டுட்டா அங்க போறிய? சம்பளம் என்ன?" என்று. பிறகு தனியாக இருக்கும்போது அவர் என்னிடம் சொன்னார், "ஏட்டி, பம்பாய்ல ரயில்லயே பாதி ஆயுசு போயிரும். மெட்ராஸ்ல வீடு ஒரு மூலை, வேல ஒரு மூலை. இங்க கம்பெனிக்கும் வீட்டுக்கும் ஒரு சைக்கிள் மிதிதான். மத்தியானம் வந்து உங்கூட உக்காந்து சாப்பிட்டுட்டுப் போவேன். எல்லாரும் என்ன சம்பளம்னுதான் கேக்கான். மத்தியானம் எங்க சாப்பிடுதன்னு ஒருத்தனும் கேக்கல."

இந்த மனுஷனுக்கு இவ்வளவுதான் ஆசையா என்று நான் உள்ளுக்குள் நினைத்தேன். அவர் ஊரைத் தேர்ந்தெடுத்த விதம் எனக்குச் சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தது. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, போன வாரம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

சிந்தலில் நாம் இருந்த வீடு உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்னால் பொதுக் குழாய். கம்பெனியில் மத்தியானச் சங்கு ஊதினால் நான் குழம்பை இறக்குவேன். சைக்கிள் சந்துக்குள் திரும்புகிற சத்தம் கேட்கும். நீயும் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவாய். ஆனால் அப்பா முன்வாசலால் வர மாட்டார். பின்னால் சிவப்பு வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருப்பேன், அங்கேயே குளித்து, உடுப்பை அங்கேயே தனி டப்பில் போட்டுவிட்டு, வேறு கைலி கட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார். கம்பெனியில் அவர் மருந்து கலந்து காய்ச்சுகிற ரியாக்டர் பக்கம் வேலை பார்த்தார். அழுகின முட்டையும் ஸ்பிரிட்டும் கலந்தது மாதிரி ஒரு வாசனை. அது துணியோடு நிற்காது, தோலில் ஏறிவிடும். சாப்பிட்டு முடித்து உன் தலையில் கை வைக்கப் போவார். வைப்பதற்கு முன்னால் விரலை மூக்கில் வைத்துப் பார்த்துக்கொள்வார். எந்தச் சாமியும் அவருக்கு அந்த விதியைப் போடவில்லை. நான் போட்டேன். முதல் வருஷத்திலேயே "பிள்ளையத் தொடாதிய, நாறும்" என்று சொன்னவள் நான். ஒரு முறை சொன்னதை அவர் ஆயுசுக்கும் பிடித்துக்கொண்டார்.

ஆனாலும் மூன்று பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நீ அவர் தட்டிலிருந்து மீன் முள்ளை எடுப்பாய். "இவன் எனக்கு முள்ளு பாத்துக் குடுக்கானாம், பெரிய மனுஷன்" என்பார். அந்தப் பாயின் விலை எனக்கு அப்போது தெரியவில்லை.

நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது என் அண்ணனும் மதினியும் ஹைதராபாத் பார்க்க வருகிறோம் என்று எழுதினார்கள். சார்மினார், கோல்கொண்டா எல்லாம் பார்க்க வேண்டுமாம். ஊரில் நான் உன் அப்பாவைக் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சொல்லி வைத்திருந்தேன். ஆபீஸ் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்காருகிறவர் என்று மதினி நம்பியிருந்தாள். அவர்கள் வருகிறதற்கு முந்தின நாள் உன் அப்பாவிடம் கேட்டேன், "அவங்க இருக்கற வரைக்கும் நீங்க கம்பெனியிலயே தங்கிக்கிட்டா என்ன? டபுள் டூட்டின்னு சொல்லிருதேன்." எவ்வளவு குளித்தாலும் ராத்திரி படுக்கும்போது வேர்வையில் அந்த வாசனை வரும், சின்ன அறை, அதுதான் என் பயம். "சரிட்டி. அங்க கொசு கம்மி" என்றார். ஒரு துண்டும் ஒரு போர்வையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனார். தன் வீட்டுக்கு விருந்தாளி வந்த நாளில் கம்பெனி ஷெட்டில் படுத்திருந்தார்.

மதினி வந்து இறங்கியதுமே மூக்கைச் சேலையால் மூடினாள். "ஹைதராபாத்து, ஹைதராபாத்துன்னு சொல்லுதிய, வீட்டுக்குள்ள எலி எதுவும் செத்துக் கிடக்கா?" என்றாள். நான் பக்கத்தில் கம்பெனி இருக்கிறது, காற்று அடிக்கிறது என்றேன். நீ பெருமையாகச் சொன்னாய், "அது எங்க அப்பா வாசனை. அப்பா பின்னாடி குளிச்சிட்டுத்தான் வருவாங்க." அண்ணன் என்னைப் பார்த்தான். அவர்கள் போன பிறகு உன்னை அடித்தேன். எதற்கு அடிக்கிறேன் என்று சொல்லவில்லை. நீயும் இத்தனை வருஷமாகக் கேட்கவில்லை. அதற்குத்தான் அடித்தேன், ஐயா. நீ உண்மையைச் சொன்னதற்கு.

அதே வருஷம்தான் கோயிலிலும் ஒன்று நடந்தது. சிந்தலிலிருந்து பஸ் பிடித்து செகந்திராபாத் தமிழ்க் கோயிலுக்கு வருவோம். ஒரு ஞாயிறு அப்பா நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்துவிட்டார், ஆராதனை தவறக்கூடாது என்று. நம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த டெய்சி ஆன்ட்டி எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். அவர்கள் தாத்தா காலத்திலிருந்து இங்கே இருக்கிறவர்கள், கோயிலில் அவர்கள் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டு, இந்த ஊர் உருது கலந்த தமிழில், "கைக்கு, ஏன் அவ்ளோ தூரம் கிடக்கறீங்க? வாடகை கம்மி, ஹவ், தெரியும். ஆனா பையன் பெரிசாகறான்ல. எங்க ஏரியா பக்கம் வந்துடுங்க. வூட்டுக்காரர் மேல கொஞ்சம் ஸ்மெல்... நக்கோ, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்கள். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்காகச் சொல்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். என் புத்தி அப்படி இருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தேன். டெய்சி ஆன்ட்டி சொன்ன பத்மாராவ் நகர் பக்கம் வீடு பார்ப்போம் என்று. அது மாதாப்பூர் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குக் கண்ணாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம். எல்லார் வீட்டிலும் பிள்ளை கம்ப்யூட்டர் படிக்கும், அமீர்பேட் கோர்ஸுக்குப் போகும் என்ற பேச்சாக இருந்தது. பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் என்றேன். நம் ஆட்கள் பக்கத்தில் இருப்பார்கள் என்றேன். உனக்கு அந்தக் காற்றில் இருமல் வருகிறது என்றேன். அது பொய் இல்லை, நீ இருமினாய். அங்கே போர்வெல்லில் வருகிற தண்ணீர் சிவந்திருந்தது, அதுவும் உண்மை. சிந்தலை நான் சொர்க்கம் என்று எழுத வரவில்லை. ஆனால் நான் கிளம்பியது உன் இருமலுக்காக இல்லை. இருமலை முன்னால் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் என் வெட்கத்தை மறைத்தேன். உன் அப்பா கேட்டது ஒன்றுதான், "மத்தியானம்?" என்றார். "கேரியர்ல கட்டித் தாரேன்" என்றேன். "உனக்கு அதுல சந்தோசந்தானே?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு நீ அப்பாவைப் பார்த்தது எவ்வளவு என்று உனக்கே தெரியும். நீ எழுந்திருக்கும் முன்னே போய்விடுவார். போவன்பள்ளி தாண்டி, பாலாநகரில் இறங்கி, இன்னொரு பஸ். ராத்திரி வந்து, புது வீட்டிலும் பின்னால் குளித்து, சாப்பிட உட்காரும்போது நீ தூங்கியிருப்பாய் அல்லது படித்துக்கொண்டிருப்பாய். வாடகை ஏறினதால் ஓவர்டைம் வேறு. பத்தாவதில் ஒரு தாளில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தபோது நீ என்னிடம் சொன்னாய், "அப்பாகிட்ட என்னத்த கேக்கறது, நான் எந்த கிளாஸ்னே அவருக்குத் தெரியாது." அவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, "டென்த்து பி செக்‌ஷன்லா?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். நீ வெட்கப்பட்டாய். அது உன் மேல் வர வேண்டிய வெட்கம் இல்லை. அப்பனையும் பிள்ளையையும் ஒரே பாயிலிருந்து எழுப்பி விட்டவள் நான்.

போன வருஷம் தவக்காலத்தில் அவர் போனார். நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழவில்லை. நீ பெங்களூரிலிருந்து வந்து சேர்வதற்குள் முகத்தை மூடிவிட்டார்கள். அந்த ஒரு மாதம் நான் என்ன செய்தேன் என்று உன்னிடம் சொன்னதில்லை. அந்த வாசனையைத் தேடினேன். பீரோவில், தலையணையில், அவர் கம்பெனி உடுப்பில், துண்டில், செருப்பில். எங்கேயும் இல்லை. எல்லாவற்றையும் தனியாக ஊறவைத்து, வெந்நீரில் அலசி, வெயிலில் போட்டு எடுத்தவள் நான்தானே. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த மனுஷனை வீட்டிலிருந்து துவைத்துத் துவைத்து வெளியே ஊற்றியிருக்கிறேன். என் வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறேன்.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். உன் போன் வந்த பிறகு எனக்கு உட்காரவும் முடியவில்லை. நேற்று காலையில் நானே பஸ் ஏறினேன், நீங்கள் பார்த்து வைத்த வீட்டைப் பார்க்க. பாலாநகர் தாண்டும்போது ஜன்னல் வழியே அந்த வாசனை வந்தது. முன்னால் இருந்தவர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். நான் என் ஜன்னலைச் சாத்தவில்லை. பக்கத்தில் இருந்த காலேஜ் பெண், "ஆன்ட்டி, விண்டோ" என்றாள். "இருக்கட்டும்மா, அடுத்த ஸ்டாப்ல இறங்கிருவேன்" என்றேன். இரண்டு ஸ்டாப் தள்ளித்தான் இறங்கினேன்.

நம் பழைய சந்து வழியாகத்தான் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். நம் வீட்டுக்கு எதிர்வீட்டு யாதம்மாவை ஞாபகம் இருக்கிறதா? உனக்கு மாவுருண்டை கொடுப்பாளே. வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா போனது அவளுக்குத் தெரிந்திருந்தது, கம்பெனி ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். அவள் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"வதினா, அண்ணா சாப்பிடற இடத்துல இப்பவும் நான் யாரையும் உக்கார விடறதில்ல" என்றாள்.

எந்த இடம் என்றேன். தன் வீட்டு வராந்தாவில் ஒரு மூலையைக் காட்டினாள். அங்கிருந்து பார்த்தால் நேர் எதிரே நம் பழைய வீட்டு வாசல்.

"தினமும் இங்கதானே சாப்பிடுவார். நீங்க வீடு மாறிப் போனதுலேர்ந்து. சங்கு ஊதினா கேரியரைத் தூக்கிட்டு வந்துருவார். உங்ககிட்ட சொன்னதில்லையா?"

அவளாகவே சொல்லிக்கொண்டு போனாள். அவள் புருஷன் கேலி பண்ணுவானாம், "வீட்டைத்தான் காலி பண்ணே, வாசலைக் காலி பண்ண மாட்டியா?" என்று. அவர் சிரித்துக்கொண்டே முட்டையை எடுத்து அவள் பேரனுக்குக் கொடுப்பாராம். நான் வைத்து அனுப்பின முட்டை. ஏன் வீட்டை விட்டுப் போனீர்கள் என்று யாதம்மா ஒரு நாள் கேட்டதற்கு, "பையன் படிப்புக்கு. அவன் பெரிய ஆளா வருவான்" என்றாராம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்காகத்தான் என்றுகூடச் சொல்லவில்லை. என்னை அந்தச் சந்தில் யாரும் தப்பாக நினைத்துவிடக்கூடாது என்று பார்த்திருக்கிறார்.

சாயங்காலம் கேரியர் எப்போதும் பளபளவென்று தேய்த்துக் கழுவித்தான் வீட்டுக்கு வரும். நான் அதைப் பார்த்து, பரவாயில்லை, என் பேச்சுக்குப் பயந்து நாற்றம் இல்லாமல் கழுவிக் கொண்டுவருகிறார் என்று நினைத்துக்கொள்வேன். அதை யாதம்மா கழுவியிருக்கிறாள். "அண்ணா கழுவ வருவார், நான் விடமாட்டேன்" என்றாள். அவர் அந்த வராந்தாவில் கம்பெனி உடுப்போடுதான் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். வாளி இல்லை. "வாசனை வருமே" என்று நான் கேட்டேன். யாதம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள். "எங்க எல்லார் மேலயும்தான் வருது" என்றாள்.

அங்கே உட்கார்ந்தே சங்கு ஊதுகிற வரைக்கும் இருந்தேன். ஊதியதும் சந்துக்குள் வண்டிகள் வந்தன. இப்போது சைக்கிள் குறைவு, பைக்குகள்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் நுழைந்தார். நேராக முன்வாசலில் நுழைந்தார்கள். எதிரே நம் பழைய வீட்டிலும் ஒரு பையன் வந்து இறங்கினான், அவன் பெண்டாட்டி வாசலிலேயே அவன் கையிலிருந்து ஹெல்மெட்டை வாங்கினாள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றைத்தான் நான் செய்யாமல் போனேன்.

ஐயா, எந்த ஊர் உனக்குக் கட்டுபடியாகும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் படித்தவள் இல்லை. பெங்களூரில் உன் வாடகையையும் சம்பளத்தையும் நீயே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்வாய். அம்மா சொல்கிறதெல்லாம் இதுதான். நாங்கள் பத்மாராவ் நகரில் வாடகையைக் கட்டினோம், ஒரு மாதமும் தவறவில்லை. ஆகையால் அந்த வீடு எங்களுக்குக் கட்டுபடியாகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பாவின் மத்தியானத்தை எடுத்துத்தான் கட்டினோம் என்று நேற்றுத்தான் தெரிந்தது. ஊரில் கேட்டால் சொல்வதற்கு நன்றாக இருக்கிற பெயரைப் பார்த்து இடம் பிடிக்காதே. என் அண்ணனும் மதினியும் நம் வீட்டில் இருந்தது இரண்டே ராத்திரி. அந்த இரண்டு ராத்திரிக்காக நான் மிச்ச ஆயுசின் விலாசத்தை மாற்றினேன்.

நீ சிந்தலில் இருந்தால் பியூலா வேலையை விட வேண்டியதில்லை. அவள் படித்த படிப்பு அது. அவள் விட்டுவிடுகிறேன் என்று சொன்னதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. "சரிட்டி, அங்க கொசு கம்மி" என்று உன் அப்பா சொன்னதை நானும் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அம்மா அழுகிறாள் என்பதற்காகவும் சிந்தலுக்கு வராதே. குடிதண்ணீருக்கு வெளியே கேன் வாங்க வேண்டும், மழைக்காலத்தில் வாசனை இன்னும் அதிகமாக அடிக்கும், இதெல்லாம் தெரிந்துகொண்டு இரண்டு பேரும் பேசுங்கள். பேசும்போது என் பேச்சு அந்த அறைக்குள் இருக்கக்கூடாது. பெங்களூர்தான் என்று அவள் மனதார முடிவு பண்ணினால் நான் வந்து உங்களுக்கு அங்கே அடுப்பு வைத்துக் கொடுக்கிறேன். அந்தச் சிந்தல் வீட்டையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மாடி, காற்றோட்டம் இருக்கிறது, அடுப்படி ஜன்னலிலிருந்து ரோடு தெரிகிறது. வீட்டுக்காரர் வேறு ஆட்கள் கேட்கிறார்கள் என்றார். ஞாயிறு வரைக்கும் யாருக்கும் கொடுக்காதீர்கள், என் மருமகளுக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதிகப்பிரசங்கித்தனம் என்றால் மன்னித்துக்கொள், வேண்டாம் என்று சொல்ல நானே போகிறேன்.

ஆல்வின், உனக்கு எழுதியது இத்தோடு முடிந்தது. போனை வைத்துவிடு.

பியூலா, இவ்வளவு நேரம் என் மகனுக்காக வாசித்தாய். தொண்டை காய்ந்திருக்கும். இனி இருக்கிற கொஞ்சம் உனக்கு. இதை அவனுக்குச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். அன்றைக்கு அடுப்படியில் நீ விரலை முகர்ந்து பார்த்ததைப் பார்த்தேன். உன் கையில் சோப்பு வாசனைதான் இருந்திருக்கும். அதில் நீ தேடினது நான் போட்ட அழுக்கு. என் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை உன்னிடம் கேட்டுச் சரிக்கட்டப் பார்க்கிறேன் என்று நினைத்துவிடாதே. உனக்குச் செய்தது வேறு, அதற்குத் தனியாகக் கேட்கிறேன். உன் அம்மாவுக்கு முன்னால் சொன்னேன், ஆகையால் அவர்களுக்கு முன்னாலும் கேட்பேன். நீ உடனே "பரவாயில்லை அத்தை" என்று சொல்ல வேண்டாம். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல்லு, தோன்றாவிட்டால் விடு.

வீட்டுப் பின்னால் அந்தச் சிவப்பு வாளி இவ்வளவு நாளும் குழாயடியிலேயே கிடந்தது. இன்று காலையில் அதைக் குளியலறைக்குள் எடுத்து வைத்தேன், எல்லா வாளியையும் போல. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த வாரத்தில் எந்த நாளாவது டூட்டி முடிந்ததும் ஹாஸ்டலுக்குப் போகாமல் நேரே பஸ் ஏறி நம் வீட்டுக்கு வா. உடுப்பு மாற்றாதே. முன்வாசல் திறந்திருக்கும். கையை மட்டும் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் பாயில் உட்கார். சோறு வைத்திருப்பேன். குளித்துவிட்டு வராதே, மகளே.

அம்மா